பலகை வீட்டில் காதல் படம்: சுங்கை சிப்புட் வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குசினிச் சுவரில் பாட்டி கரித்துண்டால் போட்ட கோடுகள் இருந்தன. மாடு வைத்திருந்த காலத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை போத்தல் பால் போனது என்ற கணக்கு அது. நான்கு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். பாட்டி போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அம்மா அந்தச் சுவரைக் கழுவியதில்லை.

முதன்முதலாக ஒரு படக்குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்தச் சுவர் முழுக்கப் பச்சைச் சாயம். கதாநாயகியின் சேலைக்குப் பின்னால் பச்சை எடுப்பாக இருக்கும் என்று இரவோடு இரவாக அடித்துவிட்டார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுவினர் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கோடுகள் என்னவென்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, எதையும் எழுதி வாங்கவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை வீட்டைக் கொடுத்திருக்கிறோம், இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பலர் இப்போது என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் இதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: படக்காரர்கள் தேடி வருவது வீட்டில் ஆட்கள் வாழ்ந்த தடத்தை. அந்தத் தடத்தைக் காப்பாற்ற உங்களுக்குத் தெரிந்திருந்தால் வீட்டைத் தாராளமாகக் கொடுங்கள்.

முதல் படி: கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு?

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

நீங்கள் இருப்பது தோட்டத்து லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) என்றால் வீடு கம்பெனியுடையது. முப்பது வருஷம் குடியிருந்தாலும், அஞ்சடிக்கு, அதாவது வீட்டின் முன்தாழ்வாரத்துக்கு, தகரம் போட்டு, பூச்செடி வைத்து, கோழிக்கூடு கட்டியது நீங்களாகவே இருந்தாலும், படப்பிடிப்புக்கு அனுமதி தர வேண்டியது தோட்ட நிர்வாகம். மானேஜரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி லோரி வந்து, தோட்டத்து வாசலில் காவலாளி தடுத்து நிறுத்தி, குழு முழுக்க வெயிலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தின் தோட்டமாக இருந்தால் சங்க அலுவலகத்தில் கேளுங்கள். முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் நம் ஊர்க்காரர். அவர் முன்னின்று 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் தோட்டங்களை வைத்திருக்கிறது.

அனுமதி கிடைத்தாலும், அந்த லயத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்குப் பணம் தனியாக வர வேண்டும். நிர்வாகத்துக்குக் கட்டணம் கட்டியாயிற்று, ஆகவே வீட்டுக்காரருக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு போதும் என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் உண்டு. வீட்டைக் காலி செய்துகொடுத்து, சாமான்களைத் தள்ளி வைத்து, பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவது அந்தக் குடும்பம்தானே. விடாமல் கேளுங்கள்.

சொந்த வீடாக இருந்தால் நிலப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. பெரியப்பா, அத்தை எல்லாருக்கும் பங்கு இருந்தால், முதலில் அவர்களிடம் பேசி, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலாவது சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். படம் வந்த பிறகு "எங்க அப்பா வீட்ட நீ எப்படிக் குடுக்கலாம்?" என்று ஆரம்பிக்கும் சண்டை நெடுநாள் ஓடும்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சண்டைப் படத்துக்குக் கிடங்கு போதும். பேய்ப் படத்துக்குப் பாழடைந்த பங்களா போதும். காதல் கதையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போகிறார்கள். அதற்கெல்லாம் வாசல் வேண்டும், ஜன்னல் வேண்டும், படிக்கட்டு வேண்டும், உள்ளே இருந்து பார்த்தால் தெரிகிற கேட் வேண்டும். நம் பலகை வீடுகளில் இவை எல்லாம் இருக்கின்றன. அஞ்சடியில் நிற்பவர் வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. காதலிக்கிறவர்கள் நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை நினைத்துப் பாருங்கள். அக்காள் தங்கை இருவரின் காதல் கதை என்றாலும், அவர்கள் அந்த வீட்டை இழக்கிற இடத்தில்தான் நமக்கு மனசு கனக்கிறது. அதற்குக் காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டைப் பயன்படுத்தினார்கள். அந்த வட்டாரத்து மாளிகைகள் பல, பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திச் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. அங்கே அந்தத் தூண்கள் நின்றுகொண்டிருந்த காலத்தில் இங்கே நம் ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். அந்த வீட்டுக்குக் கதை உண்டென்றால் லயத்து வீட்டுக்கும் உண்டு, இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பெரிய படங்களும் நம் நாட்டு வீடுகளைத் தேடி வந்திருக்கின்றன. 2018-ல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் சிங்கப்பூர்ப் பாட்டியின் மாளிகையாகத் தெரிவது கோலாலம்பூரில் உள்ள கார்கோசா ஸ்ரீ நெகாரா. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மாஜோங் ஆடும் காட்சியைப் பினாங்கு நீல மாளிகையில், அதாவது சியோங் பாட் சே மாளிகையில், எடுத்தார்கள். 1992-ல் வந்த பிரெஞ்சுப் படம் 'இந்தோசீன்' அதே மாளிகைக்கு முன்பே வந்து போயிருக்கிறது. ஒரு ஊர் வீடு இன்னொரு ஊர் வீடாக நடிப்பது சினிமாவில் சாதாரணம். அதனால் உங்கள் வீடு தஞ்சாவூர் வீடாகவோ 1960-களின் கிள்ளானாகவோ மாறலாம் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு நோட்டை எடுத்து வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். எந்த ஜன்னலிலிருந்து கேட் தெரிகிறது? குசினியிலிருந்து முன்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? இருந்தால் அது பெரிய வரம், ஒளிப்பதிவாளர்கள் விடமாட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்கும் உங்கள் ஜன்னலுக்கும் எத்தனை அடி? கிணறு, துவைக்கும் கல், பலகைப் படிக்கட்டு, பழைய கம்பி ஜன்னல், அம்மி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு அறையில் கேமராவை வைத்துவிட்டு ஆள் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் நின்றால் நடிகர்களுக்கு இடமில்லை. ஆனால் ஒரு பக்கச் சுவரில் பெரிய ஜன்னல் இருந்தால் வெளியே நின்றே உள்ளே எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது முக்கியம். வீட்டை அழகுபடுத்தாதீர்கள். ஆள் பார்க்க வருகிறார் என்று சாயம் அடிப்பது, டைல்ஸ் போடுவது, பழைய மரக் கதவைக் கழற்றி அலுமினியக் கதவு மாட்டுவது எல்லாம் வேண்டாம். கூட்டித் துடைத்து, ஒட்டடை அடித்தால் போதும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒரு வாரம் கவனியுங்கள்

நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழும். விழுவதும் மாலை ஏழு, ஏழரைக்கு. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதில் வந்த வித்தியாசம் இது. தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுவினர் ஆறு மணிக்கே விடிந்திருக்கும் என்று திட்டம் போட்டு வந்து, இருட்டில் நிற்பார்கள். காலை எட்டு, பத்து, பகல் ஒன்று, மாலை நான்கு, ஆறரை ஆகிய நேரங்களில் ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். "சாயங்காலம் ஆறே காலுக்கு வெயில் குசினி வாசல் வழியா உள்ள வந்து அடுப்பு வரைக்கும் விழும்" என்று உங்களால் சொல்ல முடிந்தால், வந்தவரின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை அடித்து ஊற்றும். தகரக் கூரைக்குக் கீழே மழை பெய்தால் ஒரு வசனம்கூடப் பதிவாகாது. அந்த மாதங்களில் தேதி கேட்டால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டைச் சுற்றி இன்னும் ரப்பர் மரம் இருந்தால் வருஷத் தொடக்கத்து இலையுதிர் காலத்தையும் சொல்லுங்கள். பொதுவாகப் பிப்ரவரியை ஒட்டிப் பால் மரங்கள் சிவந்து, கொட்டி, மறுபடி துளிர்க்கும். தரையெல்லாம் காய்ந்த இலை, மேலே திறந்த வானம், காய் வெடிக்கிற காலத்தில் அந்தச் சடசடச் சத்தம். எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனை ஆகிவிட்டது. செம்பனைக்கு இலையுதிர் காலமே கிடையாது, அடியில் பகலிலும் இருட்டு. ரப்பர் நிரை மிஞ்சியிருக்கும் தோட்டத்தின் அருமையை அங்கே இருப்பவர்களே உணரவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

சத்தத்துக்கு வருவோம். காதல் படத்தில் ஆட்கள் மெதுவாகப் பேசுவார்கள், பேசாமலும் இருப்பார்கள். அதனால் சத்தம்தான் பெரிய எதிரி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தால் இ.டி.எஸ். மின்ரயில் எந்த நேரத்தில் கடக்கிறது, மசூதியில் பாங்கு எப்போது, கோயில் ஒலிபெருக்கி எப்போது, பக்கத்துப் பட்டறை எத்தனை மணிக்குத் திறக்கிறது, பள்ளி எப்போது விடுகிறது, பழத்தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் எந்தக் கிழமையில் என்று ஒரு வாரம் எழுதுங்கள். இவற்றை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நாமும் அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுக்கக் கூடாது. பாங்கு நேரத்தில் குழு ஓய்வு எடுக்கட்டும். நேரம் தெரிந்திருந்தால் அவர்களே அட்டவணையைச் சரிசெய்துகொள்வார்கள். இந்த ஒரு தாளைக் கொடுத்ததற்காகவே இரண்டாவது முறை வந்த ஒலிப்பதிவாளர் அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

தைப்பூசம், தீபாவளி, ஊர்க் கோயில் திருவிழா நாட்களில் கொடுக்காதீர்கள். அந்த நாட்களில் வீடு நமக்குத்தான்.

நான்காம் படி: வீட்டைக் காட்டுவது

கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, அறையின் மூலையில் நெஞ்சு உயரத்தில் நின்று எடுங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுக்க வேண்டும். அகலமாகக் காட்டும் வசதி வேண்டாம், அறை பெரிதாகத் தெரிந்து வந்தவர் ஏமாந்து போவார். கூரையையும் தரையையும் எடுங்கள். ஒரு தாளில் வீட்டின் அமைப்பைக் கையால் வரைந்து நீள அகலம், கூரை உயரம், வாசலின் அகலம் எழுதுங்கள். எந்தப் பக்கம் கிழக்கு என்று காட்டுங்கள். மூன்று டன் லோரி எதுவரை வரும், அதற்கு மேல் சாமானை எத்தனை தூரம் தூக்க வேண்டும் என்பதும் வேண்டும்.

அப்புறம் யாரிடம் கொடுப்பது? அஸ்ட்ரோ வானவில், விண்மீன், டிவி 2 போன்ற அலைவரிசைகளுக்குத் தமிழ் நாடகமும் டெலிமூவியும் எடுக்கும் தயாரிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒளிபரப்பின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரும், படப்பிடிப்பு இடங்களைக் கவனிப்பவரின் பெயரும் வரும். அங்கிருந்து தேடிப் பிடிக்கலாம். சினிமா படிக்கும் மாணவர்களையும் ஒதுக்காதீர்கள். பணம் குறைவுதான், ஆனால் நாளைக்குப் பெரிய படம் எடுக்கப்போவது அவர்கள்தான். முகவரியை மட்டும் பொதுவெளியில் போடாதீர்கள். "சுங்கை சிப்புட் வட்டாரம், பலகை வீடு" என்பது போதும், நேரில் பேசிய பிறகு முகவரி கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: வருகிறவரிடம் கேட்க வேண்டியது

இங்கே படம் தயாரிக்க பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் உரிமம் வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் தனிச் சான்றிதழும் அங்கே வாங்குவார்கள். "உங்க பினாஸ் பேப்பர் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், முறையாகச் செய்கிறவர்கள் தயாராக வைத்திருப்பார்கள். இந்தியாவிலிருந்து நடிகர்களோ குழுவோ வந்தால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் குழுவின் அனுமதியும் வேண்டும். சாலையை மறித்து எடுப்பதாக இருந்தால் நகராண்மைக் கழகத்துக்கும் போலீசுக்கும் தகவல் போக வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. டிரோன் பறக்கவிட்டால் அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனி. இதையெல்லாம் வாங்குவது அவர்கள் வேலை. வாங்கியாயிற்றா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

அடுத்து, உங்கள் வீட்டில் என்னென்ன காட்சிகள் எடுக்கப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முழுக் கதையைத் தர மாட்டார்கள், தரவும் வேண்டாம். ஆனால் எந்த அறை, பகலா இரவா, எத்தனை நடிகர்கள், மழை வரவழைக்கிறார்களா, புகை போடுகிறார்களா, எதையாவது உடைக்கிறார்களா என்பது தெரிய வேண்டும். காதல் படம் என்பதால் நெருக்கமான காட்சிகளும் இருக்கலாம். சாமி அறைக்குப் பக்கத்து அறையில் அப்படி எதுவும் வேண்டாம் என்று அம்மா நேராகவே சொல்லிவிட்டார். இயக்குநர் "சரிங்கம்மா" என்று பக்கவாட்டு அறைக்கு மாற்றிக்கொண்டார். முதலிலேயே சொன்னால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஆறாம் படி: பணம்

எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. ஒருவருக்குச் சரியான தொகை இன்னொருவருக்குச் சரியாக இருக்காது, அதனால் கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். குடும்பம் வெளியே தங்கினால் ஹோட்டல் இரண்டு அறை 240 ரிங்கிட், வெளியே சாப்பாடு 100, நீங்கள் வேலைக்குப் போகாமல் கூட இருந்தால் ஒரு நாள் சம்பளம் 150, முடிந்ததும் சுத்தம் செய்ய 100, தேய்மானத்துக்கு 150. கூட்டினால் 740 ரிங்கிட். இந்த எண்கள் வெறும் உதாரணம், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுத்தொகை உங்களுக்கு நஷ்டம் இல்லாத இடம், வாடகை அதற்கு மேல்தான் தொடங்குகிறது. சாமான் இறக்கி அலங்காரம் செய்யும் நாளுக்கும், முடிந்து பழையபடி ஆக்கும் நாளுக்கும் பாதி வாடகை கேட்பது நியாயம். அந்த நாட்களிலும் நீங்கள் வீட்டில் இருக்க முடியாதே.

கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 2006-ல் வந்த 'தி ஹாலிடே' படத்துக்கு இங்கிலாந்தின் ஷியர் கிராமத்தின் அருகே ஒரு சிறிய கல் வீட்டின் வெளித்தோற்றத்தைப் புதிதாகக் கட்டி, படம் முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். இன்றும் அந்த வீட்டைத் தேடி அங்கே போகிறவர்கள் உண்டு. பழைய வீட்டைப் போல ஒன்றைக் கட்டுவதற்கு மரம், ஆள், நாள், இடம் எல்லாம் செலவு. உங்கள் வீடு ஏற்கெனவே நிற்கிறது, கரியும் கறையும் தானாகவே ஏறியிருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு.

பாதிப் பணம் அவர்கள் உள்ளே காலடி வைப்பதற்கு முன், மீதி கடைசி நாள் பேக்கப் (படப்பிடிப்பு முடிந்தது) சொல்வதற்கு முன். முன்பணம் (டெபாசிட்) வேறு, வாடகை வேறு. முன்பணம் சேதத்துக்கானது, வீட்டைச் சரிபார்த்த பிறகே திரும்பப் போக வேண்டும். வருகிற பணத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும், ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: எழுதி வாங்குவது

ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் படித்த பிள்ளையையோ தெரிந்த வழக்கறிஞரையோ வைத்துப் படித்து, முத்திரை வரி கட்டி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத தாளைக் கோர்ட்டில் காட்ட முடியாது.

நான் விட்டுக்கொடுக்காத வரிகள் சில உண்டு. எந்தெந்த அறை அவர்களுக்கு, எது பூட்டியிருக்கும் என்பது. காலை எத்தனை மணி முதல் இரவு எத்தனை மணி வரை, தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பது. ஒரே நேரத்தில் வீட்டுக்குள் எத்தனை பேர் என்பது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தூண் மேல் நிற்கும் பலகை வீட்டில் முப்பது பேரும், கேமரா ஓடும் தண்டவாளமும் ஏறினால் தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். கரையான் அரித்த இடம் வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு மேல் மாடிப் பலகையில் ஏறக் கூடாது.

சாயம், ஆணி, பசை, துளை எதுவாக இருந்தாலும் முன்கூட்டி எழுத்தில் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே செய்ய வேண்டும். இந்த வரி பாட்டியின் சுவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தொடக் கூடாதவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டி, ஒப்பந்தத்துடன் இணைக்கிறோம்: நிலைப்படி மஞ்சள், சாமி மாடம், தாத்தாவின் பால் வாளி, அலமாரிக்குப் பின்னால் சாயம் படாமல் தப்பிய மூன்று கட்டுக் கோடுகள்.

காப்புறுதியையும் விடாதீர்கள். யாராவது உங்கள் படிக்கட்டில் விழுந்தால் யார் பொறுப்பு? மூன்றாம் நபர் பாதிப்புக்கான காப்புறுதி அவர்கள் எடுத்திருக்க வேண்டும், அதன் நகலைக் கேளுங்கள். விடுபட்ட காட்சியை எடுக்க மறுபடி வருவது வழக்கம். அப்போதும் இதே வாடகை, இத்தனை மாதத்துக்குள் என்று எழுதுங்கள். அந்த இடைவெளியில் திரைச்சீலையைக்கூட மாற்ற வேண்டாம் என்பார்கள். அது எத்தனை நாள் என்பதையும் எழுத வேண்டும்.

வீட்டு எண், தெருப் பெயர்ப் பலகை, குடும்பப் படங்கள் திரையில் வரக் கூடாது. லண்டனில் 'நாட்டிங் ஹில்' படத்து நீலக் கதவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1999-ல் படம் வந்த பிறகு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அந்த வாசலில் வந்து நின்றார்கள். அசல் கதவு ஏலத்தில் போனது. அதற்குப் பதிலாக வந்த கதவுக்குக் கறுப்புச் சாயம் அடித்தும் பார்த்தார்கள், பிறகு அது மறுபடி நீலமாயிற்று. இவ்வளவுக்கும் படத்தில் உள்ளே தெரியும் அறைகள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவை அல்ல, ஸ்டுடியோவில் போட்டவை. நம் ஊரில் அந்த அளவுக்குக் கூட்டம் வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா படுத்திருக்கும்போது கேட்டில் நின்று செல்பி எடுக்கும் நான்கு பிள்ளைகள் வருவார்கள், எங்களுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். அம்மா எழுந்து தண்ணீர் கொடுத்து அனுப்பினார். எல்லாருக்கும் அந்தத் தெம்பு இருக்காது.

எட்டாம் படி: முந்தைய நாள்

எல்லா அறைகளையும், அலமாரிக்கு உள்ளேயும் சேர்த்து, வீடியோ எடுங்கள். தொடக்கத்தில் அன்றைய நாளிதழைக் காட்டுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல், கறைகளையும் விடாமல் எடுங்கள், அதுதான் இரு பக்கத்துக்கும் நியாயம். நகை, பத்திரம், அடையாள அட்டை, மருந்து எல்லாம் வீட்டை விட்டே வெளியே போக வேண்டும்.

மின்சாரத்தில் மிகக் கவனம். சுவரிலுள்ள 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட் வரைதான் தாங்கும். பழைய பலகை வீட்டு ஒயரிங்கை அந்த அளவுக்கும் நம்ப முடியாது. பெரிய விளக்குகளுக்கு அவர்கள் ஜென்செட் (மின்னாக்கி) கொண்டு வரட்டும். உங்கள் சாக்கெட்டில் கைப்பேசி, மடிக்கணினி, காற்றாடி மட்டும் போதும். சூடாகும் விளக்கு பலகைக்கு அருகே போகக் கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பலகை வீட்டில் தீ பிடித்தால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

கழிவறையையும் யோசியுங்கள். நாற்பது பேர் மூன்று நாள் போனால் பழைய தொட்டி நிறைந்துவிடும். நடமாடும் கழிவறை கேளுங்கள், அல்லது பக்கத்து மண்டபத்தை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் முன்பே அக்கம்பக்கத்தில் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். தயாரிப்பு ஆள் போடும் துண்டுக் காகிதம் வேறு, "அண்ணே, மூணு நாள் சத்தமா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று நீங்கள் போய் நிற்பது வேறு. எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் வரும் என்றால் அந்த வீட்டுக்காரருக்கும் எழுத்தும் பணமும் உண்டு.

ஒன்பதாம் படி: படப்பிடிப்பு நாட்கள்

வீட்டு ஆள் ஒருவர் எப்போதும் அங்கே இருக்க வேண்டும். ஒருவரே போதும், சொந்தபந்தத்தைக் கூட்டி வராதீர்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் இடத்தைக் கவனிக்கும் மேனேஜர் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். இயக்குநரிடம் நேரே போய்ச் சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் அவர் மனசு வேறெங்கோ இருக்கும். கேமரா ஓடும்போது காற்றாடி, குளிர்ப்பெட்டி எல்லாம் அணைப்பார்கள். குளிர்ப்பெட்டியை மறுபடி போட மறந்து மீன் கெட்டுப்போவது எல்லா வீட்டிலும் நடப்பது. சுவிட்சுக்கு மேல் சிவப்பு நாடா ஒட்டி வையுங்கள்.

சாமி அறைப் பக்கம் செருப்பு, கறிச் சாப்பாடு வேண்டாம் என்றால் எழுதி ஒட்டுங்கள். நம் ஆட்கள் மட்டும் வருவதில்லை. மலாய்க்காரத் தம்பிகளும் சீனத் தங்கைகளும் விளக்குத் தூக்குவார்கள், சொன்னால் நம்மைவிடக் கவனமாக நடந்துகொள்வார்கள். அவர்கள் சாப்பாடு அவர்கள் ஏற்பாடு. ஆனாலும் அம்மா சும்மா இருக்கவில்லை, முதல் நாள் எல்லாருக்கும் தே ஓ (பால் இல்லாத தேநீர்) போட்டு, "பசியாறிட்டீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஒரு பொருளைக் கேட்காமல் நகர்த்தவில்லை.

இரண்டாவது படத்தில் அலங்காரத்துக்கு வந்த பெண் எங்கள் பட்டியலைப் பார்த்து, அலமாரிக்குப் பின்னால் என்ன என்று கேட்டார். அம்மா நகர்த்திக் காட்டினார். பச்சைச் சாயத்தின் ஓரத்தில் மூன்று கட்டுக் கோடு. அந்தப் பெண் அலமாரியை வேறு பக்கம் மாற்றி வைக்க அனுமதி கேட்டார். படத்தில் கதாநாயகி அந்த மூலையில் நின்று பால் காய்ச்சுகிறாள், அவள் தோளுக்கு மேலே கோடுகள் தெரிகின்றன. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பத்தாம் படி: வீட்டைத் திரும்ப வாங்குவது

பேக்கப் என்று சொன்னதும் எல்லாரும் களைத்திருப்பார்கள், லோரி கிளம்ப அவசரப்படும். நீங்கள் அவசரப்படாதீர்கள். இரவில் வீட்டைச் சரிபார்க்க வேண்டாம், மறுநாள் காலை வெளிச்சத்தில் மேனேஜருடன் அறை அறையாக நடங்கள். கையில் முந்தைய நாள் வீடியோ இருக்கட்டும். சுவரில் நாடா ஒட்டிய இடத்தில் சாயம் உரிந்திருக்கிறதா, தரைப் பலகையில் கீறல் விழுந்திருக்கிறதா, கதவு பழையபடி சாத்துகிறதா, எல்லா சாக்கெட்டும் வேலை செய்கிறதா, கூரைத் தகரத்தில் யாராவது ஏறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கூரைக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

சேதம் இருந்தால் அங்கேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, யார் எப்போது சரிசெய்வது என்று தேதி போடுங்கள். பணமாகக் கழிப்பதா, ஆள் அனுப்பிச் செய்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பழைய மர வேலையாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்த தச்சரையே வைத்துச் செய்து, செலவை அவர்களிடம் வாங்குங்கள். எல்லாம் சரி என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சாவியை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். நகல் சாவி போட்டிருந்தால் அதுவும் வர வேண்டும்.

நகர்த்திய சாமான்களை அவர்களே பழைய இடத்தில் வைக்கட்டும். எங்கள் வீட்டில் மட்டும் அந்த அலமாரியை அம்மா திரும்ப வைக்க விடவில்லை. "அது அங்கயே இருக்கட்டும்பா" என்றார். இப்போது குசினிக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது அந்த மூன்று கட்டுக் கோடுகள்தான்.